போஸ்ட்கிரெஸ் ஆன்லைன் பயனர் குழு: சேருகிறார்கள், ஆனால் பேசுவதில்லை. எப்படி வளர்ப்பது?

கேள்வி

வணக்கம். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் பயன்படுத்தும் டெவலப்பர்களுக்காக நானும் ஒரு நண்பரும் ஆன்லைனில் ஒரு பயனர் குழு நடத்துகிறோம். நேரில் கூடுவது கிடையாது. உறுப்பினர்கள் வெவ்வேறு நாடுகளில் இருக்கிறார்கள். டிஸ்கார்டில் ஒரு சர்வர், மாதம் ஒரு முறை ஜூமில் ஒரு டாக் (உரை), அதன் ரெக்கார்டிங் யூடியூபில். அவ்வளவுதான் அமைப்பு.

சர்வரில் 600 பேருக்கு மேல் இருக்கிறார்கள். மாதக் கூட்டத்துக்குப் பதிவு செய்பவர்களில் பாதிப் பேர்கூட வருவதில்லை. வருபவர்களும் கேமராவை அணைத்து வைத்துக் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். டாக் முடிந்ததும் "யாருக்காவது கேள்வி இருக்கிறதா?" என்று கேட்டால் ஒரே அமைதி. டிஸ்கார்டில் இண்டெக்ஸ், ரெப்ளிகேஷன், பேக்கப், எக்ஸ்டென்ஷன், ஓஆர்எம், வேலைவாய்ப்பு, பொது அரட்டை என்று தலைப்பு வாரியாகச் சானல்கள் வைத்திருக்கிறோம். பெரும்பாலானவற்றில் கடைசியாக இருப்பது நாங்கள் போட்ட அறிவிப்புதான்.

ஒவ்வொரு மாதமும் ஸ்பீக்கர் தேடுவதிலேயே எங்கள் சக்தி முழுவதும் போய்விடுகிறது. போஸ்டர் செய்து லிங்க்டின், எக்ஸ், டெலிகிராம் என்று எல்லா இடத்திலும் போடுகிறோம். லைக் வருகிறது, ஆள் வருவதில்லை. இந்தக் குழு எனக்கு முக்கியம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரைக் கேட்பது என்று தெரியாமல் தவித்திருக்கிறேன். அப்படித் தவிக்கும் ஒருவருக்கு இந்த இடம் கிடைக்க வேண்டும் என்றுதான் ஆரம்பித்தோம்.

குழுவைப் பற்றி இன்னும் நிறையப் பேருக்குத் தெரிய என்ன செய்யலாம்? டிஸ்கார்டை விட்டு வேறு இடத்துக்குப் போகலாமா? ஏற்கெனவே குழு நடத்தும் அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1

கருவிகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதை அனுபவசாலிகள் சொல்லட்டும்.

நீங்கள் ஜூமின் இலவசக் கணக்கில் நடத்துகிறீர்கள் என்றால் 40 நிமிடத்தில் கூட்டம் துண்டிக்கப்படும். டாக் 35 நிமிடம் போனால் கேள்வி நேரம் ஆரம்பிக்கும்போதே எல்லாரும் வெளியே. மறுபடி லிங்க் அனுப்பினாலும் கால்வாசிப் பேர்தான் திரும்பி வருவார்கள். கேள்வியே வரவில்லை என்கிறீர்களே, முதலில் இதைச் சரிபாருங்கள். ஜிட்சி, பிக்புளூபட்டன் இரண்டும் ஓப்பன் சோர்ஸ் வீடியோ கூட்ட மென்பொருள்கள். உறுப்பினர்களில் யாராவது சர்வர் பார்த்துக்கொள்ள முன்வந்தால் நீங்களே நிறுவி நடத்தலாம்.

டிஸ்கார்டில் பேசுவது தேடுபொறிக்குத் தெரியாது என்பதுதான் அதன் பெரிய குறை. ஸ்லாக்குக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால் போகாதீர்கள். 2022 செப்டம்பரிலிருந்து இலவசத் திட்டத்தில் கடைசி 90 நாள் மெசேஜ்களை மட்டும்தான் பார்க்க முடியும். ஒருவர் பொறுமையாக எழுதிய நல்ல பதில் மூன்று மாதத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். ஜூலிப் என்ற அரட்டைத் தளத்தைப் பாருங்கள். அதில் உரையாடல்கள் தலைப்பு வாரியாகப் பிரிந்திருக்கும். விரும்பினால் சானல்களை லாகின் இல்லாமலே யாரும் படிக்கும்படி திறந்து வைக்கலாம். டிஸ்கோர்ஸ் என்ற மன்ற மென்பொருளும் இந்த வேலைக்குப் பொருத்தமானது. ஆனால் அரட்டையின் வேகம் அதில் இருக்காது.

நேரத்தை யூடிசியிலும் (உலகப் பொது நேரம்) சேர்த்துப் போடுங்கள். உறுப்பினர்கள் பல நாடுகளில் இருக்கும்போது "மாலை 7 மணி" என்று எழுதினால் யாருடைய மாலை என்று தெரியாது. அறிவிப்போடு ஒரு ஐசிஎஸ் ஃபைலும் இணையுங்கள். திறந்தால் அவரவர் காலண்டரில் அவரவர் நேரத்துக்கே பதிவாகிவிடும். அப்புறம் அந்தப் போஸ்டர். தேதி, நேரம், லிங்க் எல்லாம் படத்துக்குள் மட்டும் இருந்தால் தேடலிலும் வராது, ஸ்கிரீன் ரீடர் வைத்திருப்பவராலும் படிக்க முடியாது. படம் போடுங்கள், ஆனால் விவரத்தை எழுத்திலும் போடுங்கள்.

மறுமொழி 2

பல வருடங்களாக ஒரு டேட்டாபேஸ் பயனர் குழுவை ஒருங்கிணைத்து வருகிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நிறையப் பேருக்குத் தெரிய என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்ச நாளைக்கு அந்தக் கவலையை ஒதுக்கி வையுங்கள் என்பேன். இன்னும் 600 பேரை அழைத்து வந்தாலும் அவர்களும் அதே அமைதியான சானல்களைத்தான் பார்க்கப் போகிறார்கள். பார்த்துவிட்டு, இங்கே யாரும் இல்லை போல என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஒரு டெவலப்பர் பயனர் குழுவை எப்போது தேடுகிறார் என்று யோசித்துப் பாருங்கள். ஏதோ ஒன்றில் மாட்டிக்கொண்டிருக்கும்போது. நல்ல டாக் கேட்க வேண்டுமென்றால் பெரிய மாநாடுகளின் ரெக்கார்டிங்குகள் எல்லாம் யூடியூபில் கிடக்கின்றன, அவற்றோடு நீங்கள் போட்டி போட வேண்டியதில்லை. தன்னுடைய மெதுவான க்வெரியை (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியை) இன்னொரு மனிதர் உட்கார்ந்து பார்ப்பது மட்டும் அங்கே கிடைக்காது. உங்கள் குழுவால் அதைத் தர முடியும்.

அதனால் ஒரு மாதம் டாக், அடுத்த மாதம் பிளான் பார்க்கும் கூட்டம் என்று மாற்றி மாற்றி வையுங்கள். பிளான் என்பது ஒரு க்வெரியை எந்த வழியில் ஓட்டுவது என்று டேட்டாபேஸ் போடும் திட்டம். பிளான் பார்க்கும் கூட்டம் என்றால், ஒருவர் தன் க்வெரியையும் அதன் எக்ஸ்பிளெயின் அனலைஸ் (பிளானைக் காட்டும் கட்டளை) வெளியீட்டையும் கொண்டு வருவார். இந்த அட்டவணையில் என்ன இருக்கிறது, க்வெரி என்ன கேட்கிறது, எவ்வளவு நேரம் எடுக்கிறது, எவ்வளவில் முடிய வேண்டும் என்று ஐந்து நிமிடம் அவர் பேசுவார். அதற்குப் பிறகு எல்லாரும் சேர்ந்து பிளானைப் படிப்போம். அவருக்கு ஸ்லைடு வேண்டாம், தயாரிப்பும் வேண்டாம். ஸ்பீக்கர் தேடும் பாடு உங்களுக்குப் பாதியாகக் குறையும்.

எங்கள் கூட்டத்தில் நடந்த ஒன்றைச் சொன்னால் இன்னும் தெளிவாக இருக்கும். ஒருவர் வாகனங்கள் பற்றிய ஓர் அட்டவணையோடு வந்தார். க்வெரியில் இரண்டு நிபந்தனை: தயாரிப்பாளர் இன்னார், மாடல் இன்னது. அதை வேறு சில அட்டவணைகளோடு சேர்க்கும்போது பல நிமிடம் ஓடியது. எல்லாரும் முதலில் இண்டெக்ஸை (வரிகளை விரைவாகத் தேட உதவும் அமைப்பு) பற்றித்தான் பேசினார்கள். இண்டெக்ஸ் எல்லாம் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, அதுவரை வாயே திறக்காத ஒருவர் சாட்டில் ஒரு வரி எழுதினார்: "மதிப்பீட்டில் ரோஸ் (வரிகள்) 1 என்று இருக்கிறது, உண்மையில் ஆயிரக்கணக்கில் வருகிறது, ஏன்?" அங்கேதான் முடிச்சு. இரண்டு நிபந்தனைகளும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்று பிளானர் (டேட்டாபேஸில் பிளானைப் போடும் பகுதி) எடுத்துக்கொண்டு, இரண்டின் விகிதத்தையும் பெருக்குகிறது. ஆனால் மாடல் தெரிந்தால் தயாரிப்பாளர் யார் என்பது தானாகத் தெரிந்துவிடும். தயாரிப்பாளர் நிபந்தனை கூடுதலாக எதையும் வடிகட்டவே இல்லை. ஒரே ஒரு வரிதான் வரப்போகிறது என்று நம்பி நெஸ்டட் லூப்பை (ஓர் அட்டவணையின் ஒவ்வொரு வரிக்கும் மற்றதில் போய்த் தேடும் முறை) தேர்ந்தெடுத்த பிளானர், ஆயிரக்கணக்கான முறை உள்ளே போய்த் தேடிக்கொண்டிருந்தது. இதற்காகவே 2017இல் வந்த 10ஆம் பதிப்பிலிருந்து கிரியேட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்ற கட்டளை இருக்கிறது. அந்த இரண்டு நெடுவரிசைகளையும் சேர்த்து ஒன்று உருவாக்கி, அனலைஸ் (புள்ளிவிவரம் சேகரிக்கும் கட்டளை) ஓட்டியதும் பிளான் மாறியது.

அன்று வந்தவர்கள் எல்லாரும், மதிப்பீட்டையும் உண்மை எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கத்தோடு போனார்கள். சாட்டில் அந்த ஒரு வரி எழுதியவர் இன்று எங்கள் குழுவில் அதிகம் பதில் சொல்பவர்களில் ஒருவர். எந்த டாக்கும் இதைச் செய்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதில் கவனிக்க வேண்டியவை உண்டு. எக்ஸ்பிளெயின் அனலைஸ் க்வெரியை நிஜமாகவே ஓட்டும். அப்டேட், டெலீட் என்றால் டேட்டா மாறிவிடும். பிகின் போட்டு ஓட்டி, ரோல்பேக் செய்து மாற்றத்தைத் திரும்பப் பெறச் சொல்லுங்கள், இதை க்வெரி அனுப்பும் படிவத்திலேயே எழுதிவிடுங்கள். கம்பெனியின் அட்டவணைப் பெயர்கள் வெளியே தெரியக் கூடாது என்ற தயக்கம் நியாயமானது. எக்ஸ்பிளெயின் டெபெஸ் தளத்தில் பிளானை ஒட்டும்போது பெயர்களை மறைத்துத் தரும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். நிஜ டேட்டாவை யாரும் கொண்டுவரக் கூடாது என்பதைக் கண்டிப்பாக வையுங்கள். இந்தக் கூட்டத்தை ரெக்கார்டும் செய்யாதீர்கள். ரெக்கார்ட் ஆகிறது என்று தெரிந்தால் முக்கால்வாசிப் பேர் வாய் திறக்க மாட்டார்கள்.

ரெக்கார்டிங்குக்குப் பதிலாக எழுத்து. விளம்பரம் பற்றிய உங்கள் கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும் ஒரு பக்கக் குறிப்பு ஒன்று எழுதி, குழுவின் சொந்தத் தளத்தில், லாகின் கேட்காத பக்கத்தில் போடுங்கள். தலைப்பு "ஜூன் மாதக் கூட்டம்" என்று இருக்கக் கூடாது. மாட்டிக்கொண்டவர் தேடுபொறியில் என்ன தட்டுவாரோ அந்தச் சொற்கள் தலைப்பில் இருக்க வேண்டும். பிழைச்செய்தி இருந்தால் எழுத்து மாறாமல் அப்படியே போடுங்கள். என்ன நடந்தது, முதலில் என்ன சந்தேகப்பட்டோம், அது ஏன் தவறு, கடைசியில் எது சரிசெய்தது, எந்தப் பதிப்பு. பிரச்சினையைக் கொண்டுவந்தவரிடம் காட்டி, அவர் சம்மதித்த பிறகே வெளியிட வேண்டும். கீழே ஒரே ஒரு வரி: இதுபோல உங்கள் க்வெரியையும் கொண்டு வரலாம், அடுத்த கூட்டம் இந்தத் தேதி.

இப்படிக் குறிப்புகள் சேரச் சேர, யாரோ ஒருவர் ஓர் இரவில் அதே பிரச்சினையோடு தேடும்போது உங்கள் பக்கம் அவர் கண்ணில் படும். எங்கள் குழுவில் நிலைத்து நிற்பவர்களைக் கேட்டால் பெரும்பாலோர் இப்படி வந்தவர்கள்தான். போஸ்டர் பார்த்து வந்தவர்கள் மிகக் குறைவு. பிளானட் போஸ்ட்கிரெஸ் என்ற திரட்டி பற்றித் தெரியுமா? போஸ்ட்கிரெஸ் பற்றி எழுதுபவர்களின் வலைப்பதிவுகளை அது ஒரே இடத்தில் காட்டுகிறது. அதன் விதிகளைப் படித்துவிட்டு உங்கள் ஃபீடைப் பதிவு செய்யப் பாருங்கள். போஸ்ட்கிரெஸின் அதிகாரபூர்வத் தளத்தில் பயனர் குழுக்களுக்கென்றே ஒரு பக்கம் உண்டு, அதிலும் உங்கள் பெயர் இருக்க வேண்டும்.

கூட்டத்துக்கு என்ன தலைப்பு என்று ஒவ்வொரு மாதமும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். போஸ்ட்கிரெஸ் வெளியீட்டு அட்டவணையே பாதியைக் கொடுத்துவிடும். பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பரில் சிறு வெளியீடுகள் வரும். அன்றோ அந்த வாரமோ ஒன்றாக உட்கார்ந்து வெளியீட்டுக் குறிப்பைப் படியுங்கள், எது நம் சர்வரைப் பாதிக்கும் என்று பேசுங்கள். வழக்கமாக மே மாதத்தையொட்டி புதிய பதிப்பின் முதல் பீட்டா வரும், ஆளுக்கு ஒரு வசதியை எடுத்துச் சோதித்துப் பார்க்கலாம். செப்டம்பர், அக்டோபர் வாக்கில் பெரிய வெளியீடு. ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஆதரவு 5 வருடம். 13ஆம் பதிப்புக்கு 2025 நவம்பரோடு முடிந்துவிட்டது, 14க்கு 2026 நவம்பர். இன்னும் பழைய பதிப்பில் இருப்பவர்கள் உங்கள் குழுவில் நிச்சயம் இருப்பார்கள். அவர்களுக்காக அப்கிரேட் பற்றி ஒரு கூட்டம் வைத்தால் எவ்வளவு பேர் வருகிறார்கள் என்று பாருங்கள்.

சானல்கள்: மூன்று போதும். அறிவிப்பு, கேள்வி, அரட்டை. கேள்வி சானல் தாங்க முடியாத அளவு நிரம்பிய பிறகு பிரித்துக்கொள்ளலாம். வெறிச்சோடிய சானல்களைப் பார்த்தால் புதிதாக வருபவருக்குப் பேசத் தோன்றாது.

டாக் வைக்கும் மாதத்துக்கு ஸ்பீக்கர் தேட, பொதுவில் அழைப்பு விடாதீர்கள். அரட்டையில் யாராவது "நாங்கள் இதை இப்படித்தான் சரிசெய்தோம்" என்று எழுதினால் அவருக்குத் தனியாக எழுதுங்கள்: "இதைப் பத்து நிமிடம் பேச முடியுமா? நான் கேள்வி கேட்கிறேன், நீங்கள் பதில் சொன்னால் போதும்." டாக் என்றாலே பயப்படுகிறவர்கள் இதற்கு ஒத்துக்கொள்கிறார்கள்.

மறுமொழி 3

பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஆளாகவே ஒரு குழுவில் நான் நீண்ட காலம் இருந்திருக்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

கேமராவை அணைத்து வைத்திருப்பவருக்கு ஆர்வம் இல்லை என்று நினைக்காதீர்கள். நான் ஒரு கூட்டத்தையும் விட்டதில்லை, எல்லாவற்றையும் குறிப்பெடுத்துக்கொள்வேன். இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006இல் ஆன்லைன் சமூகங்களைப் பற்றி எழுதியபோது 90-9-1 என்று ஒரு கணக்கு சொன்னார்: நூறில் 90 பேர் படிப்பார்கள், 9 பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர்தான் நிறைய எழுதுவார். எல்லாக் குழுவுக்கும் அச்சாகப் பொருந்தாது, ஆனாலும் 600 பேரில் சிலர்தான் பேசுகிறார்கள் என்பதற்காக நீங்கள் மனம் தளர வேண்டாம்.

நான் ஏன் பேசவில்லை என்றால், ஒருமுறை புதியவர் ஒருவர் கேட்ட கேள்விக்கு அனுபவமுள்ள உறுப்பினர் "டாக்குமென்டேஷனைப் படித்துவிட்டு வா" என்று பதில் எழுதினார். மாடரேட்டர்கள் யாரும் எதுவும் சொல்லவில்லை. கேட்டவர் அதன்பிறகு எழுதவே இல்லை. பார்த்துக்கொண்டிருந்த நானும் எழுதவில்லை. அன்று அந்த ஒரு வரி எத்தனை பேரின் வாயை அடைத்தது என்று அந்தக் குழுவின் அட்மின்களுக்குத் தெரிந்திருக்காது.

வேறொரு குழுவில்தான் முதலில் பேசினேன். டாக் நடந்துகொண்டிருக்கும்போது நான் சாட்டில் ஒரு எமோஜி மட்டும் போட்டிருந்தேன். நடத்துபவர் அப்புறம் எனக்குத் தனியாக எழுதி, நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள், டேட்டாபேஸில் இப்போது எது தொந்தரவு கொடுக்கிறது என்று கேட்டார். பதில் எழுதினேன். "இதை அப்படியே கேள்வி சானலில் போடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். சொன்னபடி முதல் பதிலை அவரே எழுதினார். நீங்களும் இப்படி ஒவ்வொருவரிடமும் பேசிப் பாருங்கள். ஒரே நாளில் எல்லாரிடமும் பேச வேண்டியதில்லை, புதிதாகச் சேருகிறவரிடம் மட்டும் பேசினால்கூடப் போதும்.

"யாருக்காவது கேள்வி இருக்கிறதா?" என்று பொதுவாகக் கேட்பதை விட்டுவிடுங்கள். டாக் ஆரம்பிக்கும் முன்பே ஒரு பகிர்ந்த டாக்குமென்டைத் திறந்து, பெயர் போடாமல் கேள்வி எழுதலாம் என்று சொல்லுங்கள். நீங்கள் அதிலிருந்து படித்து ஸ்பீக்கரைக் கேளுங்கள். எழுதத் தயங்காதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், குரலைத் திறக்கத்தான் கூச்சம்.

நடத்தை விதிகள் இருக்கிறதா? இல்லையென்றால் முதல் வேலையாக எழுதுங்கள். கான்ட்ரிபியூட்டர் கவனன்ட் என்ற மாதிரி நடத்தை விதி 2014இலிருந்து பல ஓப்பன் சோர்ஸ் திட்டங்களில் இருக்கிறது, அதை எடுத்து உங்கள் குழுவுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். விதியை ஒட்டி வைப்பது மட்டும் போதாது. யாரிடம் புகார் சொல்ல வேண்டும், அவர் மேலேயே புகார் என்றால் வேறு யாரிடம், எத்தனை நாளில் பதில் வரும் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். உறுப்பினர்களுக்குத் தனி மெசேஜில் தொல்லை கொடுப்பதும் விதிமீறல்தான் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். பெண்கள் பலர் ஒரு குழுவைவிட்டுச் சத்தமில்லாமல் விலகுவதற்கு அதுவே காரணமாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. ஜூம் விஷயம் உண்மை, நாங்கள் இலவசக் கணக்கில்தான் நடத்துகிறோம், 40 நிமிடத்தில் அறுந்துவிடுகிறது. நண்பரிடம் பேசிவிட்டேன், அடுத்த கூட்டம் ஜிட்சியில். சானல்களையும் மூன்றாகக் குறைத்துவிட்டோம்.

இன்னொன்று கேட்க வேண்டும். டேட்டாபேஸ் சேவை விற்கும் ஒரு நிறுவனம் எங்களைத் தொடர்புகொண்டு ஸ்பான்சர் செய்வதாகச் சொல்கிறது. ஜூம் கட்டணம், வெப்சைட் செலவு எல்லாம் ஏற்றுக்கொள்வார்களாம். பதிலுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர்கள் ஆள் டாக் கொடுப்பார், பதிவு செய்தவர்களின் மின்னஞ்சல் பட்டியலையும் கேட்கிறார்கள். பணம் கிடைத்தால் நல்லதுதான், ஆனால் மனதுக்கு ஒப்பவில்லை. நீங்கள் என்ன செய்வீர்கள்?

மறுமொழி 2 எழுதியவர்

பட்டியலைக் கொடுக்காதீர்கள். இதில் பேரம் பேசவே இடமில்லை. அவர்கள் மின்னஞ்சலைத் தந்தது உங்கள் கூட்டத்துக்கு வருவதற்காக. அதை விற்பனைப் பிரிவுக்குக் கொடுத்தால் முதல் அழைப்பு வந்த அன்றே குழுவின் மேலிருந்த நம்பிக்கை போய்விடும், பல நாடுகளில் அது சட்டச் சிக்கலும்கூட. உறுப்பினர் தானாக விரும்பி அந்த நிறுவனத்தின் லிங்கைச் சொடுக்கிப் பதிவு செய்தால் அது அவர் விருப்பம், அந்த லிங்கை அறிவிப்பில் போடுவதில் தப்பில்லை.

டாக் விஷயத்தில் நான் இவ்வளவு கடுமையாக இருக்க மாட்டேன். அந்த நிறுவனங்களில் போஸ்ட்கிரெஸின் உள்ளமைப்பு நன்றாகத் தெரிந்தவர்கள் வேலை செய்கிறார்கள், அவர்களைக் கேட்பது நமக்கு நல்லது. பேசுபவர் பொறியாளராக இருக்க வேண்டும், விற்பனையாளர் கூடாது. அவர்கள் சேவை இல்லாமல் சாதாரண போஸ்ட்கிரெஸ் வைத்திருப்பவருக்கும் அந்த டாக் உதவ வேண்டும். தேதியையும் தலைப்பையும் நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். இவற்றை எழுத்தில் கேளுங்கள். ஒத்துக்கொண்டால் வரட்டும், இல்லையென்றால் நன்றி சொல்லி விட்டுவிடுங்கள். உங்களுக்கு உண்மையில் தேவைப்படும் பணம் டொமைன் பெயருக்கும் சிறிய ஹோஸ்டிங்குக்கும்தான். அதற்காக மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டத்தை எழுதிக் கொடுப்பது அதிகம்.

பயனர் குழுவுக்கும் விற்பவருக்கும் நடுவே ஒரு இடைவெளி வேண்டும் என்பது இன்று வந்த யோசனை கிடையாது. 1955இல் ஐபிஎம் கணினிகளைப் பயன்படுத்தியவர்கள் சேர்ந்து ஷேர் என்ற குழுவை ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு நிறுவனமும் ஒரே மாதிரி நிரலைத் தனித்தனியாக எழுதிக்கொண்டிருந்ததைத் தவிர்க்க, நிரல்களை ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொண்டார்கள். கணினியில் என்ன மாற வேண்டும் என்று ஐபிஎம்மிடம் ஒரே குரலில் கேட்கவும் செய்தார்கள். ஷேர் இன்றும் இருக்கிறது. பயனர்களின் பக்கம் நின்று பேச முடிந்ததால்தான் அந்தக் குரலுக்கு மதிப்பு இருந்தது. உங்கள் குழுவில் ஒருவர் "இந்த நிறுவனத்தின் டேட்டாபேஸ் சேவையில் இன்ன எக்ஸ்டென்ஷன் வேலை செய்யவில்லை" என்று எழுதும்போது, ஸ்பான்சர் என்ன நினைப்பாரோ என்று நீங்கள் தயங்கும் நிலை வரக் கூடாது.

இதோடு சேர்ந்ததுதான் சாவி யார் கையில் என்பதும். டொமைன், டிஸ்கார்ட் உரிமை, யூடியூப் சானல், மின்னஞ்சல் பட்டியல் எல்லாம் இப்போது உங்கள் ஒருவர் கணக்கில் இருக்கும் என்று நினைக்கிறேன். குறைந்தது மூன்று பேருக்கு அனுமதி இருக்க வேண்டும், அவர்கள் ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவர்களாக இருக்கக் கூடாது. குழு நடத்துபவருக்கு வேலை மாறும், குழந்தை பிறக்கும், உடம்புக்கு முடியாமல் போகும். அப்போது லாகின் இல்லாமலேயே நல்ல குழுக்கள் நின்றுபோவதைப் பார்த்திருக்கிறேன், அது எனக்கு இன்னும் வருத்தம். கேள்வி சானலில் அடிக்கடி பதில் சொல்கிறவர் யார் என்று பாருங்கள். அவரைக் கூட்டம் நடத்தக் கூப்பிடுங்கள், நீங்கள் பின்னால் உட்கார்ந்து சாட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 4

பதிவு செய்தும் வராதவர்கள் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் இது. இலவச ஆன்லைன் நிகழ்ச்சி எதிலும் பதிவு செய்பவர்களில் பெரும்பகுதி வர மாட்டார்கள், அது உங்கள் குழுவின் குறை கிடையாது. முதல் நாள் ஒரு மின்னஞ்சல், ஒரு மணி நேரம் முன்னால் ஒன்று, இரண்டிலும் சேரும் லிங்க் மேலேயே இருக்கட்டும்.

அந்த மின்னஞ்சல் ஸ்பாமுக்குப் போகிறதா என்று பாருங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் அனுப்புநர் விதிகளை இறுக்கியிருக்கின்றன. நாளுக்கு 5000 மின்னஞ்சலுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புபவர்களுக்குத்தான் முழுக் கெடுபிடி, ஆனால் சொந்த டொமைனிலிருந்து அனுப்பும் சிறிய குழுவும் எஸ்பிஎஃப், டிகிம் (அனுப்புநரைச் சரிபார்க்க உதவும் அமைப்புகள்) இரண்டையும் அமைத்துவிடுவது நல்லது. விலகும் லிங்க் ஒரே சொடுக்கில் வேலை செய்யட்டும். விலக வழி தெரியாதவர் ஸ்பாம் பட்டனை அழுத்துவார், அது மற்ற எல்லாருக்கும் போகும் மின்னஞ்சலையும் கெடுக்கும்.

கேட்டவர்

ஸ்பான்சருக்குப் பட்டியல் தர முடியாது என்று எழுதிவிட்டோம். பொறியாளர் பேசுவதென்றால் தலைப்பை எங்களிடம் முதலில் காட்டட்டும் என்று சொல்லியிருக்கிறோம். டொமைனுக்கும் டிஸ்கார்டுக்கும் மூன்றாவதாக ஒருவரைச் சேர்த்தாயிற்று. கேள்வி சானலில் பதில் எழுதிக்கொண்டிருந்தவர்தான், கேட்டதும் உடனே சம்மதித்தார்.

பிளான் பார்க்கும் கூட்டத்துக்கான படிவம் இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

"உங்கள் க்வெரி. போஸ்ட்கிரெஸ் பதிப்பு. ஒவ்வொரு அட்டவணையிலும் சுமார் எத்தனை வரிகள். என்னென்ன இண்டெக்ஸ்கள். எக்ஸ்பிளெயின் அனலைஸ் வெளியீடு, பெயர்களை மறைத்து. டேட்டாவை மாற்றும் க்வெரி என்றால் பிகின், ரோல்பேக் நடுவே ஓட்டவும். நிஜ டேட்டா எதையும் இணைக்க வேண்டாம். இப்போது எவ்வளவு நேரம் எடுக்கிறது, எவ்வளவில் முடிய வேண்டும். கூட்டத்தில் பேச விருப்பமா, அல்லது உங்கள் சார்பில் நாங்கள் வாசிக்கலாமா."

மறுமொழி 2 எழுதியவர்

கடைசி வரி அருமை, அதை நான் எங்கள் படிவத்திலும் சேர்த்துக்கொள்கிறேன்.

இரண்டு திருத்தம். எக்ஸ்பிளெயினில் அனலைஸோடு பஃபர்ஸ், செட்டிங்ஸ் இரண்டையும் கேளுங்கள். பஃபர்ஸ் இருந்தால் எத்தனை பக்கங்கள் (டேட்டாவின் சிறு தொகுதிகள்) நினைவகத்தில் கிடைத்தன, எத்தனையை வெளியிலிருந்து படிக்க வேண்டியிருந்தது என்று தெரியும். செட்டிங்ஸ் 12ஆம் பதிப்பிலிருந்து உண்டு. பிளானைப் பாதிக்கும் அமைப்புகளில் எதை அவர் மாற்றி வைத்திருக்கிறார் என்று காட்டும். யாரோ எப்போதோ வொர்க் மெம்மை (க்வெரி வேலைக்கு ஒதுக்கும் நினைவக அளவு) மாற்றியதோ, நெஸ்டட் லூப்பை அணைத்து வைத்ததோ தெரியாமல் அரை மணி நேரம் வீணாகப் பேசுவதை இது தவிர்க்கும். பெயர்களை மறைக்கும்போது பிளானில் மட்டும் மறைத்துவிட்டு க்வெரியில் நிஜப் பெயரை விட்டுவிடுவார்கள், இரண்டிலும் ஒரே மாற்றுப் பெயர் வைக்க வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள்.

முதல் கூட்டத்துக்கு யாரும் க்வெரி அனுப்பவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள். எங்கள் குழுவில் காத்திருப்பவர்களில் யாராவது அங்கே கொண்டுவரச் சம்மதிக்கிறார்களா என்று கேட்கிறேன்.